கோடிகளில் விலை… கூரை மட்டும் ஏன் துணி?

ஒரு பட்டன், சுமார் 15 விநாடி. மெர்சிடிஸ் எஸ்.எல் காரின் கூரை மடிந்து பின்பக்கம் போய் மறைந்துவிடும். 60 கி.மீ. வேகம் வரை, கார் ஓடும்போதே இதைச் செய்யலாம். ஆனால் அந்தக் கூரை உலோகம் இல்லை, துணி! ‘இவ்ளோ காசு கொடுத்துட்டு துணிக்கூரையா?’ என்று கேட்கத் தோணும்.

2001-ல் வந்த எஸ்.எல் மாடலுக்கு மடியும் உலோகக் கூரை இருந்தது. அதற்கடுத்த தலைமுறைக்கும் அதேதான். 2021-ல் அறிமுகமான மாடல் மீண்டும் துணிக்குத் திரும்பியது. பி.எம்.டபிள்யூ இசட்4 காரும் 2018-ல் இதே முடிவுக்கு வந்தது.

எடைதான் விஷயம்

எஸ்.எல்-லின் துணிக்கூரை, முந்தைய உலோகக் கூரையைவிட 21 கிலோ குறைவு. கூரை என்பது காரின் உச்சி. அங்கே எடை குறைந்தால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும். வளைவுகளில் கார் சாய்வதும் குறையும். மடித்து வைக்கவும் கம்மி இடம் போதும். சத்தம்? மூன்று அடுக்குக் கூரையின் நடுவே ஒலியை அடக்கும் விரிப்பு இருக்கிறது.

கூரை இல்லைன்னா என்ன ஆகும்?

மூடி போட்ட ஷூ பெட்டியை முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். நிலையான கூரை இல்லாத கார் உடலும் இரண்டாவது பெட்டி மாதிரிதான், எளிதில் முறுகும். அதனால் கதவுக்குக் கீழுள்ள பகுதி, தரைத்தளம், முன்கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றையும் கூடுதலாக வலுவாக்க வேண்டும். கூரையை எடுத்தும் பல கன்வெர்ட்டிபிள்கள் தங்கள் கூபே மாடலைவிடக் கனமாக இருப்பது இதனால்தான்.

கவிழ்ந்தால் தலையைக் காப்பது எது? 1989-ல் வந்த எஸ்.எல் ஒரு வழி காட்டியது. இருக்கைக்குப் பின்னால் படுத்திருக்கும் பாதுகாப்பு வளைவு, கார் கவிழப்போவதை சென்சார் உணர்ந்ததும் 0.3 விநாடியில் எழுந்து நிற்கும்.

எதைப் பார்த்து மதிப்பிடுவது?

ரீல்ஸில் வைரலாவது கூரை திறக்கும் அந்தச் சில விநாடிகள்தான். விளம்பரமும் அதைத்தான் காட்டுகிறது. உயிரைக் காக்கும் வேலையோ கண்ணில் படாத இரும்பிலும் சென்சாரிலும் நடக்கிறது. கூரை எத்தனை விநாடியில் திறக்கும் என்று கேட்பவர்கள், கார் கவிழ்ந்தால் என்ன தாங்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கொடுக்கிற காசுக்கு அந்தப் பதில்தான் முதலில் வர வேண்டும்.