ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவோர்

வால்வு ஆம்ப்ளிஃபயர் மீண்டும் மோஸ்தராகிவிட்டது. இசைத்தட்டு திரும்பி வந்தபோதே பின்னால் இதுவும் வரும் என்று நாம் எதிர்பார்த்ததுதான். வந்ததில் வருத்தம் ஏதுமில்லை. கண்ணாடிக் குமிழுக்குள் இழை கனன்றுகொண்டிருக்கக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்பது இன்பமான காரியம் என்பதை மறுக்க நம்மிடம் காரணமில்லை. நம் சண்டை வேறு. வால்வு எந்த நாட்டில் செய்யப்பட்டது, எந்த ஆண்டைச் சேர்ந்தது, உள்ளிருக்கும் தகடு கறுப்பா சாம்பலா என்று இரவெல்லாம் ஆராயும் அன்பர்கள், அதோடு சேரப்போகும் ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை. கேட்டால், ‘அதுதான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே’ என்கிறார்கள்.

திருமுதுகுன்றம் என்று பழம்பெயர் பெற்ற விருத்தாசலத்தில் வாழும் நமக்கு ஒரு கதை உண்டு. இறைவன் அளித்த பொன்னைச் சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் இட்டார். திருவாரூர் சென்று கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்னும் வழக்கு அக்கதையோடு ஒட்டியது. சுந்தரருக்குக் கிடைத்தது, அவர் தம்பிரான் தோழர். நம் அன்பர்களோ ஒலியை ஒலிபெருக்கியில் தொலைத்துவிட்டு வால்விலும் வெள்ளிக் கம்பியிலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். போட்டது பொன் என்பது மட்டுமே ஒற்றுமை.

கணக்கைப் பார்ப்போம். ஒலிபெருக்கிக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் கேட்கிறதோ அதுவே அதன் உணர்திறன். இன்று அலமாரியில் வைக்கும் அளவில் விற்கிற அழகிய சிறு பெட்டிகள் பெரும்பாலும் 84 முதல் 87 வரை நிற்பவை. இவற்றை வடித்தவர்கள் 100 வாட் டிரான்சிஸ்டர் பெட்டியை மனத்தில் வைத்தே வடித்தார்கள், அதில் பிழையில்லை. நம் அன்பர் வாங்கி வந்திருப்பதோ 300பி என்னும் வால்வு ஒற்றையாக நின்று உழைக்கும் பெட்டி. அது தருவது 8 வாட். 86 டெசிபெல் ஒலிபெருக்கியில் அந்த 8 வாட் முழுவதையும் பிழிந்தாலும் 1 மீட்டரில் 95 டெசிபெல்தான். மூன்று மீட்டர் தள்ளி நாற்காலியில் அமர்பவருக்கு அதிலும் குறையும். இசையின் உச்சங்கள் சராசரியைவிட 10, 15 டெசிபெல் எழும்புபவை என்பதால், தவில் ஒரு தீர்மானம் வைக்கும் இடத்தில் பெட்டி திணறி, ஒலி கசங்குகிறது. ‘வால்வின் மென்மை’ என்று அன்பர் சிலாகிப்பது பல வேளைகளில் இந்தக் கசங்கலைத்தான்.

அதே 8 வாட்டை 96 டெசிபெல் ஒலிபெருக்கியில் கொடுத்துப் பாருங்கள். பத்து டெசிபெல் வேறுபாடு என்பது பத்து மடங்கு மின்திறன். 96 டெசிபெல் ஒலிபெருக்கி 8 வாட்டில் செய்வதை 86 டெசிபெல் ஒலிபெருக்கி செய்ய 80 வாட் வேண்டும். எந்தக் கம்பியும் எந்தப் பழைய வால்வும் இந்தப் பத்து மடங்கை ஈடுகட்டப் போவதில்லை. இதிலும் ஒரு வணிகத் தந்திரம் உண்டு. 2.83 வோல்ட் கொடுத்து அளப்பது வழக்கம். 8 ஓம் ஒலிபெருக்கியில் அது 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆகவே 4 ஓம் பெட்டியின் மேல் 89 என்று அச்சிட்டிருந்தால் அதை 86 என்று வாசிக்க வேண்டும்.

இந்த 300பி எங்கிருந்து வந்தது என்றாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா? 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளுக்காக வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் உண்டாக்கிய வால்வு அது. சில வாட்டுகளைக் கொண்டு ஒரு கொட்டகை முழுவதையும் நிறைத்தார்கள். ஏனெனில் திரைக்குப் பின்னால் ஆளுயரக் கூம்புகள் இருந்தன. கூம்பைக் கழற்றி எறிந்துவிட்டு வால்வை மட்டும் தொழுவது, தேரை விட்டுவிட்டு வடத்தை மட்டும் இழுப்பது போன்றது.

அமெரிக்காவரை போவானேன்? நம்மூரில் ரேடியோ செட் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1960களில், 70களில் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் 30, 40 வாட் வால்வுப் பெட்டி ஒன்றுதான். பனைமரத்தின் உச்சியில் இரண்டு குழாய், பந்தக்காலில் இரண்டு குழாய். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யின் நாகஸ்வரப் பாட்டு பக்கத்து ஊர்க்காரனையும் எழுப்பிவிடும். அந்தக் குழாயும் யூனிட்டும் சேர்ந்து 105 டெசிபெலைத் தாண்டக் கூடியவை என்பதே அதன் இரகசியம். 16 ஓம் யூனிட் இரண்டை இணையாகப் போட்டால் 8, நான்கைப் போட்டால் 4, பெட்டியின் பின்னால் எந்த முனையில் கொடுப்பது என்பதைச் செட்டுக்காரர் விரல்விட்டுச் சொல்வார். கம்பி நெடுந்தூரம் போக வேண்டுமானால் லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் பலர். ‘பொருத்தம்’ என்ற சொல்லை அவர்கள் ஜாதகத்துக்கு மட்டுமல்ல, இதற்கும் வைத்திருந்தார்கள். இன்று லட்ச ரூபாய்ப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் படித்தவரிடம் உங்கள் ஒலிபெருக்கி எத்தனை ஓம் என்று கேளுங்கள், முகத்தைப் பார்ப்பார்.

உடனே ஒரு மறுப்பு வரும்: குழாயை வீட்டுக்குள் வைக்கச் சொல்கிறீர்களா? இல்லை. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் குழாயில் ஒன்றும் இராது. மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி போய்விடும். நாகஸ்வரம் மட்டும் அதில் பிழைத்துக்கொள்ளும். அதுவே ஒரு கூம்புக் குழல், முனையில் அணைசு வேறு. நள்ளிரவில் ஊரை உலுக்குவதற்காகவும் நாம் வாதாடவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும், இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியதும், தமிழ்நாட்டில் கூம்பு ஒலிபெருக்கிகளின் மேல் வந்த தடைகளும் நோயாளிக்கும் தேர்வெழுதும் பிள்ளைக்கும் தேவையானவையே. ஆனால் குழாயைத் தடைசெய்தபோது அதோடு வந்த அறிவையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டோம். குழாயைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்ளும் அதே கனவான், ‘ஹார்ன்’ என்று பெயர் மாற்றி அமெரிக்காவிலிருந்து கிளிப்ஷ் பெட்டி வந்தால் கைகட்டி நிற்கிறார். பௌல் கிளிப்ஷ் 1940களில் வீட்டு மூலைக்கென்று மடித்து வைத்ததும் கூம்பைத்தான்.

உணர்திறனுக்கு அடுத்தது ஓம் கணக்கு. ‘8 ஓம்’ என்பது ஒரு சராசரிப் பெயர். உண்மையில் ஒரு பெட்டியின் இம்பீடன்ஸ் ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், வேறோரிடத்தில் 25க்கு ஏறும். டிரான்சிஸ்டர் பெட்டிக்கு இதனால் பெரிய கேடில்லை. எதிரூட்டம் இல்லாத ஒற்றை வால்வுப் பெட்டிக்கு உள்ளேயே 2, 3 ஓம் தடை இருக்கும். அத்தகைய பெட்டியை மேற்சொன்ன ஒலிபெருக்கியோடு இணைத்தால், ஏறிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் ஏறத்தாழ 4 டெசிபெல் வேறுபாடு வந்துவிடும். யாரோ இரகசியமாக டோன் கண்ட்ரோலைத் திருகிவிட்டாற்போல. இதைத்தான் நம் அன்பர்கள் ‘வால்வின் ஆன்மா’ என்று எழுதுகிறார்கள். ஆன்மா எங்கே இருக்கிறது என்பதில் சைவ சித்தாந்திகளுக்கே ஒருமித்த விளக்கம் எளிதன்று. அது ஒலிபெருக்கியின் இம்பீடன்ஸ் கோட்டில் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

விதிவிலக்கு உண்டு. பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்னும் சிறு பெட்டி 83 டெசிபெலைக்கூட எட்டாது. ஆனாலும் வால்வுக்காரர்கள் அதைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. முதலில் வந்தவை 15 ஓம். வால்வுக்கு அது இதமான சுமை. சிறிய அறையில், அருகில் அமர்ந்து, குரலிசை மட்டும் கேட்பவருக்கு அது போதும். தவில் கேட்கப் போதாது.

பீங்கான் ஊரில் இருந்துகொண்டு காந்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பழைய ஒலிபெருக்கிகளில் அல்னிகோ காந்தம். அதில் கோபால்ட் சேரும். 1978இல் ஜயர் நாட்டுக் கலவரத்தால் கோபால்ட் விலை எகிற, உலகமே ஃபெரைட் காந்தத்துக்கு மாறியது. ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடை அழுத்திச் சூளையில் சுட்டெடுக்கும் பீங்கான். நம்மூர்த் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் சுட்டெடுப்பதற்கு அது தூரத்து உறவு. ‘பீங்கான் காந்தமா, சீ’ என்று முகம் சுளித்து, அல்னிகோ என்ற ஒரு சொல்லுக்காக மூன்று மடங்கு விலை கொடுப்பவர்களைக் காணும்போது சூளையில் வேகும் தொழிலாளியை நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் மெச்சும் வால்வு செருகியிருக்கும் சாக்கெட்டும் பெரும்பாலும் பீங்கான்தான். காந்தம் எதுவாயினும் கம்பிச்சுருளின் இடைவெளியில் புலம் போதிய வலுவோடு நிற்க வேண்டும். நன்றாக வடித்தால் இரண்டும் நிற்கும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? பெட்டி சிறிதாக, பாஸ் ஆழமாக, உணர்திறன் உயர்வாக என்னும் மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். இயற்பியல் பேரம் பேசாது. வால்வை விரும்புகிறவர் பெரிய பெட்டிக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். நம் தாத்தாக்களின் மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் வால்வு ரேடியோக்கள் ஒரேயொரு இஎல்84ஐக் கொண்டு, 4 வாட்டில் திண்ணைவரை கேட்டன. அகன்ற மரப்பெட்டியும் கனமற்ற காகிதக் கூம்பும் அதைச் செய்தன. இன்று மேடைக் கச்சேரிக்கென்று விற்கும் 12 அங்குல யூனிட்களில் 95 டெசிபெலுக்கு மேற்பட்டவை ஏராளம். ஊர்த் தச்சரிடம் கனமான பிளைவுட்டில் நல்ல கொள்ளளவுள்ள பெட்டி ஒன்று செய்யச் சொல்லி, உயர் சுருதிக்கு ஒரு சிறு ஹார்ன் சேர்த்தால், இறக்குமதிப் பெட்டியின் விலையில் கால்பங்குகூட ஆகாது. ஷோகேஸுக்குள் அடங்காதுதான். அடங்க வேண்டும் என்பவர் 300பியை மறந்துவிட்டு, இரண்டு இஎல்34 எதிரெதிராக நின்று 35 வாட் தரும் பெட்டியைப் பார்க்கட்டும். அதுவும் பிடிக்காவிட்டால் நல்ல டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும், இசைக்கு அதனால் இழுக்கில்லை.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் ஒலிபெருக்கியின் உணர்திறனையும், இம்பீடன்ஸ் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதையும் எழுதி வாங்குங்கள். பிறகு வால்வுக்குப் போங்கள். விற்ற பின் கடைக்காரர்மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிப் பயனில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், சுவிட்சைப் போடும் முன் ஒலிபெருக்கிக் கம்பி இரண்டு பக்கமும் இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுமையில்லாமல் பாட்டை ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். அந்தப் பெட்டியில் மிக விலையுயர்ந்த பொருள் வால்வன்று, அதுதான்.