சு எப்படி ச ஆனது?

குத்தம்பாக்கம் என்று எழுதினால் எத்தனை எழுத்து? எட்டு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும். பைத்தானைக் கேட்டால் 14 என்கிறது. யுடிஎஃப்-8ல் சேமித்து பைட் கணக்குப் பார்த்தால் 42. கொடுமை என்னவென்றால் மூன்றும் சரிதான் :)

போன மாதம் எங்க ஊர் கிரிக்கெட் டீமுக்கு ஐடி கார்டு அடிக்க ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. சோம்பேறித்தனத்தில் ஏஐயை எழுதச் சொன்னேன். அரை நிமிஷத்தில் தந்தது, ஓடவும் செய்தது. அச்சாகி வந்தபிறகு பார்த்தால் சுப்பிரமணி மகனுக்கு இனிஷியல் "ச". பெருமாள் மகனுக்கு "ப". "எங்கப்பன் பேரையே மாத்திட்டியேடா" என்று ஒரே ஓட்டல். லேமினேஷன் காசு என் தலையில்.

விஷயம் இதுதான். யூனிகோடில் "சு" என்பது ச ஒரு குறியீடு, உகரக் குறி இன்னொன்று. "பெ"யில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் ப-வுக்குப் பின்னால்தான் இருக்கும். "ஸ்ட்ரிங்கின் முதல் கேரக்டரை எடு" என்று எழுதினால் உயிர்மெய்யில் உயிர் போய்விடும். ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

ஸ்ட்ரிங் என்ற பெயர்தான் எல்லா மொழியிலும் ஒன்று, உள்ளே ஆள் வேறு. ஜாவாவின் கேரக்டர் 16 பிட். கோ மொழியில் முதல் இடத்தைக் கேட்டால் ஒரு பைட், அதாவது ச-வில் மூன்றில் ஒரு பங்கு! ஸ்விஃப்ட் மட்டும் நம்மைப் போல எட்டு என்று எண்ணும். இது ஏஐ காலத்து வியாதியும் இல்லை. விஷுவல் சி++ விசார்ட் எழுதித்தந்த "டிகேரக்டர்" ஒரு செட்டிங்கைப் பொறுத்து 8 பிட்டாகவோ 16 பிட்டாகவோ மாறும். 2005 பதிப்பில் அந்த செட்டிங்கின் இயல்புநிலையையே யூனிகோடுக்கு மாற்றினார்கள். பழைய கோடை அதில் ஏற்றியவர்களின் சாபம் சும்மா விடுமா!

தானாக எழுதித்தரும் கருவி "நான் எண்ணுவது பைட்டா, குறியீடா, எழுத்தா" என்று கோடிலேயே சொல்லவேண்டும். சொல்லாமல் தருவதைப் பிழை என்றுதான் நான் சொல்வேன். தமிழிலேயே இனிஷியல் எழுதவேண்டும் என்று தமிழக அரசு 2021ல் ஆணை போட்டது. அதை நிறைவேற்றப்போவது இந்த மாதிரி கோடுதானே?

"ரெண்டு குறியீடா எடுத்துக்கோ" என்றான் ஒரு நண்பன். கமலன் மகனுக்கு "கம" வந்தது. கடைசியில் ஜாவாஸ்கிரிப்டின் செக்மென்டர் கைகொடுத்தது. அதுவும் "ஸ்ரீ"யை ஸ், ரீ என்று இரண்டாக வெட்டும். ஸ்ரீதர் மகன் கார்டில் மட்டும் இனிஷியலை நானே டைப் செய்தேன்.