தூக்கும் கையின் துணிவு

பழவேற்காட்டு ஏரியில் படகு செலுத்துகிறவரிடம், "உமக்குத் தைரியம் உண்டா?" என்று கேட்டால் அவர் சிரிப்பார். எந்தக் காற்றில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, எந்தத் துறைக்கு என்று கேட்டால்தான் தக்க விடை கிடைக்கும். திருப்பாலைவனத்துப் பக்கத்து மீனவர் குப்பங்களில், மூளைவாதத்தால் கால் ஊன்ற இயலாத குழந்தையைத் தூக்கிப் பேணும் தாயிடமும் பாட்டியிடமும் அவ்விதமே கேட்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஆல்பர்ட் பாண்டுரா என்னும் மனோதத்துவ அறிஞர், தன்னால் இயலும் என்ற நம்பிக்கையைப் பற்றி 1977-இல் விரிவாக எழுதினார். அதை அளக்கும் முறையை 2006-இல் வகுத்துரைத்தார். காரியங்களைத் தனித்தனியே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 100 வரை மதிப்பிடச் செய்ய வேண்டும் என்பது அவர் முறை. பாயிலிருந்து நாற்காலிக்குத் தூக்க எவ்வளவு நம்பிக்கை? குளிப்பாட்டியபின் ஈர உடம்போடு தூக்க எவ்வளவு? பஸ் படியில்? ஆடும் படகிலிருந்து கரைக்கு? முதற் கேள்விக்கு 90 என்பவள் கடைசிக் கேள்விக்கு 20 என்னலாம். பயிற்சி தொடங்க வேண்டிய இடம் எது என்பதை அந்த 20 காட்டிவிடும்.

எண் பெரிதாயிருந்தாலும் நிம்மதி கொள்வதற்கில்லை. "பிறந்ததிலிருந்து தூக்குகிறேனே!" என்பாள் தாய். மெய்தான், ஆனால் அன்று மூன்று கிலோவாக இருந்த பிள்ளை பத்து வயதில் முப்பதை நெருங்கலாம். அமெரிக்கத் தொழிற் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் 1991-இல் திருத்திய கணக்கின்படி, எல்லா வசதியும் பொருந்தியபோதே 23 கிலோதான் எல்லை. அது அசையாத சுமைக்கு. குழந்தையோ விறைக்கும், திமிறும். ஆகையால் கேட்பதோடு கண்ணாலும் பார்க்க வேண்டும். குழந்தையை மார்போடு அணைத்திருக்கிறாளா? முழங்காலை மடக்கி எழுகிறாளா? இடுப்பை முறுக்காமல், பாதத்தை மாற்றி வைத்துத் திரும்புகிறாளா?

தானே செய்து தேறுவதும், தன்னைப் போன்ற இன்னொருத்தி செய்வதைக் காண்பதும் துணிவை வளர்க்கும் என்றார் பாண்டுரா. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பித் தாய்மாருக்குப் பயிற்சி அளிக்கிறது. ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் இவ்வழி பொருந்தும்.

தாயின் துணிவு குறையக் குறைய, பள்ளிக்கூடமும் வைத்தியமும் திருவிழாவும் குழந்தைக்கு ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. மார்க்குப் போடுவதையே தொழிலாகக் கொண்ட நாம் ஒன்று சொல்வோம்: பஸ் படியில் தாய் 20 என்று சொன்னால், அதில் பாதிக் குறை படியை அவ்வளவு உயரமாக வைத்தவர்களுடையது, மீதிக் குறை, அருகே நின்றும் கைகொடாத நம்முடையது.