வீதியில் கேட்கும் நீதி கடைக்குள் இல்லையா?

 

உரிமைக்காக வீதியில் இறங்கத் தெரிந்த சமுதாயம் நாம். நெடிய கோரிக்கைக்குப் பின் 2007இல் தமிழகத்தில் நமக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு கிடைத்தது. கொளுத்தும் வெயிலில் நம்மோடு நின்று முழங்கும் இளைஞர்களில் பலர் நம் கடைகளிலேயே வேலை பார்ப்பவர்கள். மறுநாள் காலை கடை திறந்ததும் அவர்களுக்கும் உரிமை உண்டு என்பது நம் நினைவில் இருக்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானின் கடைசி வாரம். ஜவுளிக்கடை ஒன்றில் ஒரு தம்பி துணியை அரை மீட்டர் குறைத்துக் கிழித்து விட்டான். வாடிக்கையாளர்கள் முன்னிலையில் முதலாளி அவனுடைய தகப்பனாரையும் சேர்த்து ஏசினார். அவன் அளவுகோலை வீசிவிட்டு வெளியேறினான். பெருநாள் சம்பளம் நிறுத்தப்பட்டது. நண்பர்கள் திரண்டார்கள். காவல் நிலையம் வரை போக இருந்த விவகாரம் அது.

தராவீஹுக்குப் பின் இருவரையும் பள்ளிவாசலில் உட்கார வைத்தோம். காலை ஒன்பது மணி முதல் நோன்போடு நின்றுகொண்டே இருந்திருக்கிறான் அந்தத் தம்பி. முதலாளிக்கோ அன்று மொத்த வியாபாரியின் கடன் நெருக்கடி. ஒருவர் சுமை மற்றவருக்குத் தெரியாது. "நான் சொன்னது தப்புத்தான் தம்பி" என்றார் முதலாளி. அவன் அழுதுவிட்டான். ஒரு மணி நேரத்தில் முடிந்தது!

முதலாளிகளே! மல்யுத்தத்தில் வெல்பவன் வீரனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கவும் சொன்னார்கள். கோபத்தோடு தீர்ப்பளிக்க நீதிபதிக்கே தடை விதித்தார்கள். கல்லாவில் அமர்ந்திருக்கும் நீங்களும் உங்கள் கடைக்கு நீதிபதிதானே? பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒருமுறைகூடச் 'சீ' என்றதில்லை. நாமோ பத்து நிமிடம் பொறுப்பதில்லை!

இளைஞர்களே! உங்களுக்கும் சொல்ல வேண்டும். தாமதமாக வருவதும், வாடிக்கையாளர் காத்திருக்கக் கைப்பேசியில் மூழ்குவதும் அமானிதத்திற்குச் செய்யும் துரோகம். மனம் புண்பட்டால் பொருளை வீசாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் முதலாளியின் மானத்தை வாங்காதீர்கள். கடை அடைத்தபின், தனியாக, நேருக்கு நேர் பேசுங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். சம்பளம், வேலை நேரம், விடுமுறை, முன்பணம் ஆகியவற்றையும் எழுதிவைத்தால் பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது.

இரண்டாவது, சட்டத்தை மதியுங்கள். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வழக்கமான வேலை நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் திருத்தமும் வந்துவிட்டது. ஒரு நாற்காலியின் விலை என்ன? நாள் முழுதும் கால் கடுக்க நிற்பவனிடம் சிரித்த முகத்தை எப்படி எதிர்பார்ப்பது?

மூன்றாவது, தவறைக் கண்டதும் கத்தாதீர்கள். ஒரு தொழுகை நேரம் கடக்கட்டும். ஒளூச் செய்து, தொழுதுவிட்டு, பிறகு கூப்பிட்டுக் கேளுங்கள்.

நான்காவது, சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருக்க நமக்கு அனுமதியில்லை. அதற்குள் தீராவிட்டால் இரு தரப்பிலும் ஒருவரை நடுவராக வையுங்கள். கணவன் மனைவி பிணக்குக்கு அல்லாஹ் காட்டித் தந்த வழி கடைப் பிணக்குக்கும் உதவும். ஒவ்வொரு ஜமாஅத்தும், நம் ஒவ்வொரு கிளையும் இதற்கென மாதம் ஒரு நாள் ஒதுக்கட்டும். நடுவராக வருபவர் முதலாளியின் நன்கொடைக்காக வளைபவராக இருக்கக் கூடாது. ஆனால் சம்பளம் கொடுக்க மறுத்தால் தொழிலாளர் துறையை நாடுவது அந்த ஊழியரின் உரிமை. அதைச் சமுதாயத் துரோகம் என்று எவரும் பட்டம் சூட்ட வேண்டாம்.

சகோதரர்களே! அரசிடம் நாம் கேட்கும் நீதியை முதலில் நம் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுப்போம். அப்போதுதான் நம் முழக்கத்துக்கு வலு இருக்கும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!