களத்துமேட்டில் கல்யாணம் வைத்தால் என்ன?



நம் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு வரும் தை மாதம் கல்யாணம். மண்டபம் வேண்டாம், தாத்தாவின் நிலத்தில் களத்துமேட்டு வேப்பமரத்தடியில்தான் தாலி கட்டிக்கொள்வேன் என்கிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக இதே பேச்சு. "மண்டபம் பிடிக்கக்கூட வசதி இல்லையா என்று ஊர் கேட்காதா?" என்று சிலர் கொதிக்கிறார்கள். ஆளாளுக்குப் பதில் எழுத முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நான் பெண் பக்கம்.

என் சிறுவயதில் கல்யாணம் என்றால் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல்தான். அதற்கும் முன்னால் போனால், அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, உளுந்துக் களியோடு விருந்து வைக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீர் சொரிந்து வாழ்த்துகிறார்கள். ஏ.சி. ஹால் இல்லை, டிரோன் கேமரா இல்லை. அவர்களை வசதி இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை!

"சட்டப்படி செல்லுமா?" என்று கேட்டிருந்தார் மைத்துனர். தாராளமாகச் செல்லும். அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-இல், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த திருத்தம் அது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் போதும். இன்ன இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஐயரை வைத்துச் செய்தாலும் இடம் ஒரு தடையில்லை. 90 நாளுக்குள் பதிவு மட்டும் செய்துவிடுங்கள். 2009-ஆம் வருடச் சட்டப்படி அது கட்டாயம்.

ஆனால் வெட்டவெளிக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் நான் கைதட்டவில்லை. உத்தரகண்டில் திரியுகிநாராயண் கோயில் இருக்கிறது. சிவன் பார்வதி கல்யாணம் நடந்த இடம் என்பது நம்பிக்கை, அணையாத நெருப்பும் உண்டு. அந்த நம்பிக்கையோடு போகிறவருக்கு அது அர்த்தமுள்ள இடம். போட்டோவுக்காகப் போகிறவருக்கு அது வெறும் பின்னணித் திரை. நம் மலையடிவாரமும் ஏரிக்கரையும் அப்படித்தான். மலை வனத்துறையின் பொறுப்பு, ஏரி ஊருக்குப் பொது. அழகாக இருக்கிறதே என்று அங்கே போய் பிளாஸ்டிக் தட்டை விட்டுவிட்டு வருவதற்கு யாருக்கும் உரிமையில்லை.

இந்தப் பெண் கேட்பது அவள் வளர்ந்த இடம். மல்லாட்டை காயப்போட்ட களம், பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்த மரத்தடி. இன்னொன்றும் இருக்கிறது, குழுவில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. தாத்தா நிலத்து வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். மண்டபத்துக்கு அவரைத் தூக்கி வர முடியாது. களத்தில் என்றால் கட்டிலோடு மரத்தடிக்கு நகர்த்திவிடலாம். கல்யாணத்தை அவர் கண்ணால் பார்க்க இதைவிட்டால் வேறு வழி இல்லை.

வேலை அதிகம், மறுக்கவில்லை. ஐப்பசி கார்த்திகையாக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். தையில் மழை பயம் குறைவு, அறுவடையும் முடியும். தைப்பூசத்தை ஒட்டிய தேதி மட்டும் வேண்டாம், பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வெளியூர்க்காரர்களுக்கு பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. முகூர்த்தத்தை வெயில் ஏறுவதற்குள் வையுங்கள். வாடகைக் கழிப்பறை நாலாவது வேண்டும், பெரியம்மாக்களைக் காட்டுப் பக்கம் அனுப்பாதீர்கள். முக்கியமாக அந்தத் தரைக்கிணறு. சுற்றிலும் தடுப்பு கட்டி, பக்கத்தில் ஓர் ஆளையும் நிறுத்துங்கள். பிள்ளைகள் செல்பி எடுக்க நேராக அங்கேதான் ஓடுவார்கள். நாற்பது வருடம் பிள்ளைகளை மேய்த்தவன் சொல்கிறேன்.

பெண்ணின் அப்பா இதைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, மண்டபத்துக்கு இன்னும் முன்பணம் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை பந்தல்காரரைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்குப் போ, அப்பாவின் கட்டிலை எந்தப் பக்கம் போட்டால் மணமேடை தெரியும் என்று பார்த்துவிட்டு வா. நானும் வருகிறேன்.