தேங்காய் யாருடைய வளவில் காய்த்தது?

மே மாதம் பிறந்தால் இறுதிப் போரின் நினைவாக வன்னியில் கஞ்சிப் பானை அடுப்பில் ஏறும். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். 2009 தொடக்கத்தில் வன்னியில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. போர் முடிந்து செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைக்கப்பட்டவர்களோ 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். தொகையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டி உணவும் மருந்தும் மறுக்கப்பட்டன என்று ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் எழுதியது. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியது அந்தக் கஞ்சி.

2024 மே மாதம் சம்பூரில் அதைக் காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வரைப் பொலிஸார் பிடித்துச் சென்றார்கள். உணவுக்கும் மனித உரிமைக்கும் என்ன தொடர்பு என்று அப்போது இங்கே எவரும் கேட்கவில்லை.

ஆனால் நினைவேந்தல் முடிந்து, மே 19 காலை நாம் சந்தைக்குப் போகிறோம். மலிவாகத் தேங்காய் கண்டால் இரண்டு கூட வாங்குகிறோம். அது யாருடைய வளவில் காய்த்தது என்று கேட்பதில்லை.

முல்லைத்தீவின் கேப்பாப்பிலவைப் பாருங்கள். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது அவ்வூர் மக்கள் ஊருக்கு அனுப்பப்படவில்லை. மாதிரிக் கிராமம் என்ற பெயரில் காடு வெட்டிய இடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். ஊரில் படைத் தலைமையகம் இருந்தது. 2017 ஜனவரி 31 அன்று அங்குள்ள பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகளோடு குந்தினார்கள். இரவுப் பனியில் ஒரு மாதம் கிடந்து, மார்ச் 1 அன்று தங்கள் காணிக்குள் கால் வைத்தார்கள். கேப்பாப்பிலவின் ஒரு பகுதி அந்த வருடக் கடைசியில் கிடைத்தது. எல்லாம் கிடைத்துவிடவில்லை. தாங்கள் நட்ட தென்னையில் வேறு யாரோ காய் பறிக்க, வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதாக அவர்கள் வருடக்கணக்காக முறையிடுகிறார்கள்.

இப்படிப் பிடித்து வைத்த காணிகளில் விளைவதும் சந்தைக்கு வருகிறது. படையினரின் பண்ணைப் பொருள் ஏன் மலிவு? காணிக்குக் குத்தகை இல்லை. வேலை செய்பவருக்குச் சம்பளம் திறைசேரியிலிருந்து வருகிறது. உழவு இயந்திரமும் எண்ணெயும் அப்படியே. பக்கத்து விசுவமடுக் கமக்காரரோ நகையை அடகு வைத்து விதை வாங்கியவர். கிழமைக்குக் கிழமை நுண்கடன்காரர் வாசலுக்கு வருகிறார். இருவரும் ஒரே சந்தையில் கத்தரிக்காய் விற்றால் அதற்குப் போட்டி என்று பெயரா? நாம் மிச்சம் பிடிக்கும் பத்து ரூபாய் அந்தக் கமக்காரரின் மடியிலிருந்து எடுத்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சிவில் பாதுகாப்புத் திணைக்களப் பண்ணைகளில் நம் பிள்ளைகளே வேலை செய்கிறார்கள். முன்னாள் போராளிகள், கணவரை இழந்த பெண்கள். வேறெவரும் வேலை கொடுக்காத காலத்தில் அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டு உலை கொதித்தது. ஆகவே பொருளை வாங்காதே என்று மட்டும் கூவுவது அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும். வேலை அவர்களுக்கு இருக்கட்டும்; பண்ணை சிவில் நிர்வாகத்தின் கைக்கு, விவசாயத் திணைக்களத்துக்கோ கூட்டுறவுச் சங்கங்களுக்கோ வரட்டும். தனியாரின் காணி உரியவரிடம் போகட்டும். நடக்காத காரியமல்ல. 2019 ஜனவரியில் உடையார்கட்டுக்குளம், வெள்ளாங்குளம் இராணுவப் பண்ணைக் காணிகள் கையளிக்கப்பட்டன.

வாங்குகிறவர் கேட்டு என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. 1984 ஜூலையில் டப்ளின் நகரில் டன்ஸ் ஸ்டோர்ஸ் கடையின் காசாளர் மேரி மானிங், இனவொதுக்கல் ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இரண்டு கிரேப்புரூட் பழங்களுக்குப் பில் போட மறுத்தார். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உடன் வேலை செய்த சிலர் அவரோடு தெருவில் இறங்கினார்கள். ஊரே சிரித்தது. ஏறத்தாழ மூன்று வருடம் நின்றார்கள். 1987 இல் அயர்லாந்து அரசாங்கம் தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கும் மரக்கறிகளுக்கும் தடை போட்டது. பில் போட மறுத்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவை அவர் அதுவரை கண்டதும் இல்லை. நமக்கோ கேப்பாப்பிலவு பஸ் ஏறிப் போகும் தூரம்.

விலைவாசி கழுத்தை நெரிக்கும்போது மலிந்ததை வாங்கும் ஏழையை நாம் குற்றம் சொல்லவில்லை. கேள்வி கேட்க வேண்டியவர்கள் மொத்த வியாபாரிகள், கல்யாண மண்டபக்காரர், கோயில் அன்னதான சபைகள், வெளிநாட்டுக் காசில் கஞ்சிக்கு அரிசி வாங்குவோர். இவர்கள் கமக்காரர் அமைப்புகளிடம் நேரடியாக வாங்கலாம்.

2025 மே மாதம் நாம் வாக்களித்து அனுப்பிய பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தைகள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. பொருள் எந்தக் காணியில் விளைந்தது என்று ஒவ்வொரு கடையிலும் பலகை எழுதி வைக்க வேண்டும் எனத் தீர்மானம் போடுங்கள். அடுத்த கூட்டத்திலேயே போடுங்கள்.