தோலை உரிக்கும் மாத்திரை: விதியா, அலட்சியமா?

"மருந்து ஒத்துக்கொள்ளவில்லை; உன் உடம்பு வாகு அப்படி!" வலிப்புக்கு மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, தீயில் வெந்தவன்போல் தோல் உரிந்து கிடக்கும் தொழிலாளிக்குச் சொல்லப்படும் சமாதானம் இதுதான். குடும்பத்தாரும் தலைவிதி என்று நெற்றியில் அடித்துக்கொள்கிறார்கள்.

விதியல்ல, தோழர்களே! பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கக்கூடிய ஆபத்து இது.

வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் கார்பமாசெபின் பழைய மருந்து, மலிவான மருந்து, நல்ல மருந்துங்கூட. ஆனால் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு பரம்பரையாக வந்தவர்களில் சிலருக்கு அதுவே எமனாகிறது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த வியாதியில் பத்தில் ஒருவர் சாகிறார். தோலின் பெரும்பகுதி உரிந்துவிட்டால் பத்தில் மூன்று பேர். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண் போகிறது.

தைவான் விஞ்ஞானிகள் 2004 இல் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். இம்மருந்தால் தோல் உரிந்த 44 நோயாளிகளைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் அந்த மரபணு இருந்தது! பிறகு மருந்து கொடுக்கும் முன்பே 4,877 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து, மரபணு உள்ளவர்களுக்கு இம்மருந்தைத் தவிர்த்தார்கள். பழைய கணக்குப்படி பத்துப் பேராவது விழுந்திருக்க வேண்டும், ஒருவர்கூட விழவில்லை. 2011 இல் வெளிவந்த முடிவு இது. 2010 முதலே அங்கு தேசியக் காப்பீடு பரிசோதனைச் செலவை ஏற்கிறது.

அது சீன வம்சத்தார் சமாசாரம், நமக்கென்ன என்பார் உண்டு. 2009 இல் வெளிவந்த நம் நாட்டு ஆய்விலேயே இவ்வாறு பாதிக்கப்பட்ட எட்டுப் பேரில் ஆறு பேரிடம் அதே மரபணு இருந்ததே! அமெரிக்க சர்க்கார் 2007 இல் விடுத்த எச்சரிக்கையும் இந்தியர்களை விட்டுவிடவில்லை.

நமக்கு அந்த எச்சரிக்கை எங்கே? பெட்டிக்குள், பொடி எழுத்தில், இங்கிலீஷில்! திருவாலங்காட்டில் கரும்பு வெட்டும் கூலிக்காரர் பெட்டியையா வாங்குகிறார்? நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஈ.எஸ்.ஐ. அட்டை கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே கதி. காசுள்ளவர் மட்டும் தனியார் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறார்.

ஒன்று சொல்லிவிடுகிறோம். மாதக்கணக்கில் தொல்லையின்றிச் சாப்பிட்டு வருபவர் பயந்து நிறுத்தக்கூடாது, வலிப்பு திரும்பும். ஆபத்து பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில்தான். புதிதாகத் தொடங்கியவருக்குக் காய்ச்சலோடு வாய்ப்புண், கண் எரிச்சல், தோலில் சிவப்புத் திட்டு கண்டால், அடுத்த மாத்திரையைத் தொடாமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பரிசோதனையில் தப்பியவருக்கும் இந்த எச்சரிக்கை தேவை. வேறு காரணங்களாலும் இது வரும். யூரிக் அமில மூட்டுவலிக்குத் தரும் அல்லோபியூரினாலிலும் இதே ஆபத்து உண்டு. அதற்குக் காரணம் வேறொரு மரபணு.

மாத்திரையை இலவசமாகத் தரும் சர்க்கார் பரிசோதனையையும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தரட்டும். மாத்திரை அட்டையிலேயே தமிழில் எச்சரிக்கை அச்சாகட்டும். மருந்தால் விழுந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு வேண்டும். தைவான் 2000 இல் அதற்கென்று சட்டமே இயற்றி, மருந்துக் கம்பெனிகளிடம் பணம் வசூலிக்கிறது. இங்கே கம்பெனிக்காரரிடம் கைநீட்டிக் கேட்க சர்க்காருக்கு என்ன தயக்கம்?